உப்புத் தண்ணீரில் ஓர் உருண்டை

பருந்தார் கண்ணாடி போட மாட்டார். இத்தனைக்கும் அவருடைய வீட்டம்மா வேலை பார்ப்பதே மூக்குக்கண்ணாடிக் கடையில்தான். வருகிறவர்களை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்டுக் கேட்டே ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டவர். சொந்தப் புருஷனின் மூக்கு மட்டும் அவர் கைக்கு அகப்படவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை பருந்தாரைக் கடைக்கு வரவழைத்துச் சோதிப்பது வழக்கம். கிட்டப் பார்வைக்கென்று கையில் பிடித்துப் படிக்கிற அட்டை ஒன்று உண்டு. மேலிருந்து கீழே எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். முதல் வரி கட்டைவிரல் மொத்தத்தில் 'ஆடு புல் மேய்கிறது' என்று இருக்கும். கடைசி வரியைப் படிக்க எறும்பைத்தான் கூப்பிட வேண்டும்: 'தபால்காரர் மணி அடித்தார், யாரும் கதவைத் திறக்கவில்லை.' பருந்தார் அட்டையை வாங்குவார், முழங்கை நிமிரும்வரை கையை நீட்டுவார், ஆட்டிலிருந்து தபால்காரர்வரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"எனக்கா கண்ணு சரியில்ல? போய் வேற ஆளைப் பாரு."

"கையை ஏன் அவ்வளவு தூரம் நீட்டறீங்க?"

"என் கை நீளம். அதுக்கு நான் என்ன பண்றது?"

வீட்டம்மா அட்டையைத் துடைத்து உறையில் போடுவார். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த மௌனத்தைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டு பருந்தார் வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

வேலை, ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில், எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் அறையில். இரண்டு பீரோக்களை ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தியது மாதிரி உயரமான இயந்திரம். அது சூடாகிவிடக் கூடாதென்று அறையையே குளிர வைத்திருப்பார்கள். பருந்தார் வெயில் காலத்திலும் ஸ்வெட்டரோடுதான் அலைவார். வைரஸை உப்புத் தண்ணீரில் கலந்து, அதில் ஒரு சொட்டை மிளகளவு தாமிர வலைத்தட்டில் விட்டு, கண் இமைப்பதற்குள் உறைய வைத்து, அந்த மெல்லிய பனிக்குள் சிக்கிக்கொண்ட வைரஸ்களைப் படமெடுப்பது அவர் தொழில். படம் என்றால் கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். முழுக்கச் சாம்பல் நிறத்தில், ஈரச் சிமெண்டுத் தரை மாதிரி இருக்கும். அதற்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாக மங்கலான வட்டங்கள். அவற்றை ஆயிரக்கணக்கில் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிச் சராசரி எடுத்தால், மங்கல் கழிந்து வைரஸின் உருவம் எழுந்து வரும். மற்றவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் அகப்படாததை அவர் நின்ற இடத்திலிருந்தே விரல் நீட்டிக் காட்டுவார். பருந்து என்ற பெயர் அப்படி வந்தது. அதில் அவருக்குத் தலைகொள்ளாத பெருமை.

இதில் ஒரே ஒரு சிக்கல். பருந்தார் வாயிலிருந்து 'தெரியவில்லை' என்ற சொல் வந்து எவரும் கேட்டதில்லை. ஒருநாள் பஸ்ஸில் முன்பின் அறியாத ஒருவரின் முதுகில் ஓங்கித் தட்டி, "டேய், நீ என்கூட எட்டாவது படிச்சவன்தானே?" என்றார். அந்த ஆள் இல்லை என்றார். பருந்தார் விடவில்லை. பள்ளிக்கூடம், வாத்தியார், உடைந்த ஜன்னல் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். கடைசியில் அந்த ஆள், "இருக்கலாம் சார்" என்று ஒப்புக்கொண்டு, கூட இறங்கி ஒரு டீயும் குடித்துவிட்டுப் போனார். அவர் இன்றைக்கும் யாரென்று எவருக்கும் தெரியாது.

ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு பெண் இருந்தாள். நாலு வருஷத்தில் முடிக்க வேண்டிய ஆராய்ச்சி ஐந்தாவதிலும் முடியாததால் எல்லோரும் அவளை 'அஞ்சாம் வருஷம்' என்றே கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். வைரஸின் மேலோடு எப்படித் தன்னைத்தானே கட்டிக்கொள்கிறது என்பது அவள் விஷயம். அதை அவள் ஒருமுறை பருந்தாருக்குக் கால்பந்தை வைத்து விளக்கியிருந்தாள்.

"அண்ணே, ஓடு முழுக்க ஒரே புரோட்டீன்தான். அதே துண்டு, திரும்பத் திரும்ப. கொத்தனாரும் இல்ல, மேஸ்திரியும் இல்ல. தண்ணியில மிதந்துக்கிட்டே ஒண்ணோட ஒண்ணு இடிச்சு, சரியான பக்கம் பட்டா ஒட்டிக்கும். ஆறு துண்டு சேர்ந்தா தட்டையா ஒரு பூ. அஞ்சு சேர்ந்தா கிண்ணம் மாதிரி குவிஞ்ச பூ. இந்தப் பந்துல பாருங்க, அஞ்சு மூலைக் கட்டம் பன்னெண்டு இருக்கு. அந்தப் பன்னெண்டும் இருந்தாத்தான் வளைஞ்சு வந்து உருண்டையா மூடும்."

"இல்லைன்னா?"

"மூடாது. அவ்வளவுதான்."

அந்தப் புரோட்டீன் பல மணிகள் கோத்த சங்கிலி. அதில் ஒரே ஒரு மணியை அவள் மாற்றியிருந்தாள். மாற்றிய புரோட்டீனும் உருண்டையாகக் கட்டிக்கொண்டால், உள்ளே ஒன்றுமில்லாத அந்த வெற்று ஓடு வெயிலுக்கும் தாங்கும், தடுப்பூசிக்கு ஆகும், அவள் ஆராய்ச்சியும் கரையேறும். கட்டிக்கொள்ளவில்லை என்றால் காட்டுவதற்குக் கையில் ஒன்றுமில்லை. திங்கட்கிழமை பேராசிரியர்கள் குழு கூடுகிறது. இந்தப் பெண்ணுக்கு இன்னும் காலம் கொடுப்பதா, மூட்டை கட்டச் சொல்வதா என்று அன்றைக்கு முடிவு.

பருந்தாருக்கு அவள்மேல் சொந்தத் தங்கையைப் போலப் பாசம். உருண்டை வந்தே ஆக வேண்டும் என்று அவளைவிட அவர்தான் அதிகம் தவித்தார். வினையே அங்கேதான் தொடங்கியது.

வலைத்தட்டுகளைச் சட்டைப் பொத்தான் அளவு வட்டப் பெட்டியில் வைத்து, திரவ நைட்ரஜனுக்குள் போட்டு வைப்பார்கள். பெட்டி விளிம்பில் ஒரு வெட்டு. வெட்டுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு குழி. அஞ்சாம் வருஷம் எப்போதும் இரண்டு தட்டு உறைய வைப்பாள். ஒன்றில் சரக்கு, அதாவது அவள் மணி மாற்றிய புரோட்டீன். இன்னொன்றில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வைரஸே இல்லாத வெறும் உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீர் இருக்கிற குழிக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைப்பாள். பழைய பெட்டிகளில் புள்ளி இடது பக்கம் இருக்கும். இந்தத் தடவை பெட்டி புதிது. அவசரத்தில் வலது பக்கம் வைத்துவிட்டாள். சொல்லவும் செய்தாள். "புள்ளியைப் பாத்துக்குங்க அண்ணே" என்றதற்கு, "புள்ளி எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றார் பருந்தார். பெட்டியைக் கை நீளத்துக்குப் பிடித்தார். புள்ளியும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இடது பக்கம் புள்ளி இருப்பது அவருக்குத் 'தெரிந்தது'. எனவே வலது பக்கத் தட்டை எடுத்து இயந்திரத்துக்குள் ஏற்றினார்.

படங்கள் வந்தன. சிமெண்டுத் தரையில் வட்டமும் இல்லை, கோடும் இல்லை.

"அண்ணே, எனக்கு ஒண்ணுமே தெரியலையே" என்றாள் அஞ்சாம் வருஷம், திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து.

"பனி கொஞ்சம் தடிமன், அதான் உனக்குத் தெரியல. இதோ ஒண்ணு. இதோ ஒண்ணு. அதோ பாரு, ரெண்டு ஒட்டிக்கிட்டு நிக்குது."

பருந்தாரே சொன்ன பிறகு மறுத்துப் பேச யாருக்குத் துணிச்சல்? அவளும் தலையாட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கும் ஒன்றிரண்டு தெரிவது மாதிரி இருந்தது.

ஆயிரக்கணக்கில் கையால் பொறுக்க முடியாது, கணினிதான் பொறுக்கும். அதற்கு ஒரு மாதிரிப் படத்தைக் கொடுத்து, இதைப்போல் இருக்கிறதையெல்லாம் எடு என்று சொல்ல வேண்டும். பருந்தார் மணி மாற்றாத பழைய வைரஸின் படத்தைக் கொடுத்தார். கணினி சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. பொறுக்கியது, அந்த மாதிரிக்கு ஏற்றபடி ஒவ்வொன்றையும் திருப்பி வைத்து அடுக்கியது, சராசரி எடுத்தது. மறுநாள் திரையில் உருண்டை எழுந்து நின்றது. அப்படியொரு அழகு. பன்னிரண்டு குவிந்த பூக்களும் அச்சு அசலாக அதனதன் இடத்தில்.

அஞ்சாம் வருஷம் தாழ்வாரத்துக்கு ஓடி, அம்மாவுக்குப் போன் போட்டு அழுதாள். கூடத்தின் தலைவரான பெரிய சாருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் அந்த உருண்டையைப் பூசணிக்காய் அளவுக்குப் பிளாஸ்டிக்கில் அச்சிட்டு எடுத்து, மூன்று வண்ணம் பூசி, மேசைமேல் வைத்தார். அறைக்குள் வந்தவர்கள் எல்லோரும் அதை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் கேன் போட வந்தவரும் தப்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அஞ்சாம் வருஷம் வந்தாள். "அண்ணே, அந்த உப்புத் தண்ணித் தட்டையும் ஒரு படம் எடுத்துக் குடுத்துருங்க. குழுவுல ஒப்பிட்டுக் காட்டணும்."

பருந்தார் நைட்ரஜன் புகைக்குள் இடுக்கியை விட்டுப் பெட்டியை எடுத்தார். வலது பக்கக் குழி காலி. அது அன்றைக்கே எடுத்தது. இடது பக்கத் தட்டை இடுக்கியால் தூக்கப்போன நேரத்தில் பெட்டி கை நழுவி உருண்டது. தட்டு குழிக்குள்தான் இருக்கிறதா, தெறித்துவிட்டதா என்று விளங்கவில்லை. கிட்ட வைத்துப் பார்த்தால்தான் ஆகும். பக்கத்து மேசையில் பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு ஒன்று உண்டு. அதை அவர் 'கிழவர் விளக்கு' என்று கேலி செய்வது வழக்கம். அறையில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அதன் அடியில் பெட்டியைப் பிடித்தார்.

தட்டு குழிக்குள் பத்திரமாக இருந்தது. ஆனால் புள்ளி, காலியான குழியின் பக்கத்தில் இருந்தது.

முதலில் புள்ளிமேல்தான் சந்தேகம் வந்தது. யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று காற்றைப் பார்த்துத் திட்டினார். பிறகு பெட்டியை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரக்குத் தட்டு இன்னும் தொடப்படாமல் குழியிலேயே கிடக்கிறது. அப்படியானால் அந்த உருண்டை?

சரி, குடி ஒன்றும் முழுகிப் போகவில்லை, உண்மையான சரக்கை இப்போது ஏற்றிப் பார்த்துவிடலாம், அதிலும் உருண்டை வந்துவிட்டால் இந்தக் கதை தன்னோடு போகட்டும் என்று நினைத்தார். ஏற்றினார். படம் எடுத்தார். அதே மாதிரியைக் கொடுத்தார். கணினி பொறுக்கியது. உருண்டை வந்தது! பருந்தார் நாற்காலியில் சாய்ந்து, கொண்டுவந்த சாப்பாட்டைத் திறந்து, இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய் உள்ளே இறங்கவில்லை. உப்புத் தண்ணீரிலிருந்தும் உருண்டை, சரக்கிலிருந்தும் உருண்டை. இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி ஒன்றேபோல் இருந்தன.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். அதில் வீட்டம்மாவின் படம் ஒன்று இருந்தது, கண்ணாடிக் கடையில் சேர்ந்த புதிதில் வெள்ளைக் கோட்டோடு எடுத்தது. அதை மாதிரியாகக் கொடுத்து, உப்புத் தண்ணீர்ப் படங்களில் இதைப்போல் இருப்பதையெல்லாம் எடு என்றார். முதலில் ஒரு கறை வந்தது. கறை நீள்வட்டமானது. நீள்வட்டத்துக்குக் கண்ணாடி முளைத்தது. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்கள் வந்தன. வெறும் உப்புத் தண்ணீருக்குள்ளிருந்து வீட்டம்மா அவரையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை ஏன் அவ்வளவு தூரம் நீட்டறீங்க என்று கேட்பது போலவே இருந்தது.

பருந்தார் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். இத்தனை வருஷம் பொறுக்கியதெல்லாம்? பஸ்ஸிலிருந்து கூட இறங்கி டீ குடித்துவிட்டுப் போனவரின் முகம் திடீரென்று ஞாபகம் வந்தது. பாவம், அந்த ஆள்.

பிறகு, மாதிரி எதுவும் கொடுக்காமல், சரக்குத் தட்டின் படம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டு சும்மா பார்த்தார். அங்கே உருண்டை ஒன்றுகூட இல்லை. நீள நீளமாக, கொட்டிவிட்ட தீக்குச்சிகள் மாதிரி எதுவோ கிடந்தது. இவ்வளவு நேரமும் கணினி இந்தக் குச்சிகளைத்தான் வட்டம் வட்டமாக வெட்டி எடுத்து உருண்டை பண்ணியிருக்கிறது.

அஞ்சாம் வருஷத்தைக் கூப்பிட்டார். சொல்லவே பயமாக இருந்தது. சொல்லாமல் விட்டால் அவள் திங்கட்கிழமை எட்டுப் பேருக்கு முன்னால் நின்று பொய் சொல்வாள், அதுவும் பொய் என்று தெரியாமலே. அது இன்னும் பயமாக இருந்தது. மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"அப்ப என் உருண்டை?"

"உப்புத் தண்ணிம்மா."

"எங்க அம்மா தெருவெல்லாம் சொல்லியாச்சு அண்ணே." அவள் அழவில்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கோபத்தில் மூக்கு நுனி சிவந்திருந்தது. "புள்ளியைப் பாருங்கன்னு சொன்னேன்ல?"

"சொன்ன. என் தப்புதான்."

வெகுநேரம் அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கை நீட்டி, "இது என்ன அண்ணே?" என்றாள்.

பருந்தாரின் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. எதையாவது சொல்லிவிடத் துடித்தது. அதை அடக்கிக்கொண்டு, "எனக்குத் தெரியலம்மா" என்றார். "நீயே பாத்துச் சொல்லு."

அவள் பார்த்தாள். இந்தத் தடவை அவள் காதில் யாரும் இதோ ஒண்ணு, அதோ ஒண்ணு என்று சொல்லவில்லை. ஒரு குச்சியைப் பெரிதாக்கினாள். இன்னொன்றைப் பெரிதாக்கினாள். மெதுவாக எழுந்து நின்றாள்.

"குழாய் அண்ணே. எல்லாம் குழாய்! அஞ்சு பூவே கட்டலை. நான் மாத்தின மணிதான் அந்த வளைவைக் குடுத்திருக்கணும். அது போனதும் வெறும் ஆறு ஆறாச் சேர்ந்து, பாய் மாதிரி விரிஞ்சு, சுருட்டிக்கிச்சு. அப்ப வளைவு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சாச்சு!" அவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டு, கோபம் ஞாபகம் வந்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை குழுவுக்கு முன்னால் அவள் குழாய்களைப் பற்றித்தான் பேசினாள். பூசணிக்காய் உருண்டையோடு வந்திருந்த பெரிய சார் அதை மடியில் வைத்துக்கொண்டு, இறக்கவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். உருண்டை என்னவாயிற்று என்று ஒரு பேராசிரியர் கேட்டபோது, பின்வரிசையிலிருந்து பருந்தார் எழுந்தார். ஸ்வெட்டரைக் கழற்றக்கூட மறந்து வந்திருந்தார்.

"அது இவங்க தப்பில்லைங்க, என் தப்பு. நான் ஏத்தினது வெறும் உப்புத் தண்ணி. உருண்டையைக் குடுத்துத் தேடினேன், உருண்டை கிடைச்சுது. இதைக் குடுத்தேன், இது கிடைச்சுது." திரையில் வீட்டம்மா தோன்றினார்.

எட்டுப் பேரும் திரையை உற்றுப் பார்த்தார்கள்.

"யாருங்க இவங்க?" என்றார் பேராசிரியர்.

"எங்க வீட்டம்மாங்க."

"இவங்க எப்படி அந்தத் தண்ணிக்குள்ள இருக்காங்க?"

"இல்லைங்க. அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."

முதலில் சிரித்தது பெரிய சார்தான். மடியிலிருந்த உருண்டை நழுவி, குழுவினர் கால்களுக்கு நடுவே உருண்டு போனது. அவர்கள் அஞ்சாம் வருஷத்துக்குக் குழாய்களை எழுதி முடிக்கக் காலம் கொடுத்தார்கள். உருண்டை இப்போது பெரிய சாரின் கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்கிற வேலையைப் பார்க்கிறது. பருந்தாரின் பெயரை மாற்ற வேண்டும் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அவரும் காதில் விழாதது மாதிரி இருந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் அவர் யாரும் கூப்பிடாமலே கண்ணாடிக் கடைக்குப் போனார். உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

"என் போட்டோவை ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டினீங்களாமே?" என்றார் வீட்டம்மா. செய்தி அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"அட்டையைக் குடு."

வீட்டம்மா கொடுத்தார். பருந்தார் கையை நீட்டினார். "ஆடு புல்..." என்று தொடங்கி, சட்டென்று நிறுத்தி, முதன்முறையாக அட்டையைப் பார்த்தார்.

"இதுல ஆடே இல்லியே. மாடு தண்ணி குடிக்குதுன்னு இருக்கு."

"ஆமா."

"அட்டையை எப்ப மாத்தின?"

"மாத்தி ரெண்டு வருஷமாச்சு."

"போன தடவையும் நான் ஆடுன்னுதானே சொன்னேன்?"

"அதுக்கு முந்தின தடவையும்தான்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா? அட்டை தப்புன்னு சொல்லியிருப்பீங்க."

அதைத்தான் சொல்லியிருப்பார். பருந்தார் அட்டையில் கீழே இறங்கினார். மூன்றாவது வரிவரை மூச்சுப் பிடித்துத் தேறினார். அதற்குக் கீழே எல்லாம் சிமெண்டுத் தரை.

"தெரியல" என்றார்.

வில்லைப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்த வீட்டம்மாவின் கை அப்படியே நின்றது. "என்ன சொன்னீங்க?"

"கடைசி வரி தெரியலம்மா. எழுத்தான்னே தெரியல."

வீட்டம்மா சோதனைச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, ஒரு வில்லையைப் போட்டார், எடுத்தார், வேறொன்றைப் போட்டார். கடைசி வரி எழுந்து வந்தது. பருந்தார் ஒவ்வொரு சொல்லாக, எழுத்துக்கூட்டிப் படித்தார்: "பூனை பாலைக் குடித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் படுத்திருந்தது."

"நீயே எழுதினதா?"

"அச்சடிச்சுத்தான் வந்துது. எனக்கும் ஆச்சரியமாத்தான் இருந்துது."

பருந்தார் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். வில்லையைச் சரிசெய்யக் குனிந்திருந்த வீட்டம்மாவின் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. உப்புத் தண்ணீரில் வந்த முகம் இது இல்லை. கண்ணோரத்தில் கோடுகள் இருந்தன. மேலுதட்டில் சின்னதாக ஒரு தழும்பு. காதுக்கு மேலே மயிர் வெளுத்துக் கிடந்தது.

"உனக்கு எப்ப நரைச்சுது?" என்றார்.

"அட்டையை மாத்தறதுக்கு முன்னாடியே" என்றார் வீட்டம்மா. "ஆடாம உக்காருங்க. இடது கண்ணையும் பாத்துரலாம்."